பதவி குறைந்தால் ஆயுளும் குறையுமா?

சாவுக்கு ஏழை, பணக்காரன் என்ற பேதமில்லை என்று சொல்வதுண்டு. கேட்பதற்கு ஆறுதலாகத்தான் இருக்கிறது. ஆனால், இயந்திரத் தொழிலில் உலகத்துக்கே முன்னோடியான பிரிட்டனில் எடுத்த கணக்கு வேறு விதமாகச் சொல்லுகிறது.

லண்டனில் ஒயிட்ஹால் என்று ஒரு வீதி. சர்க்கார் காரியாலயங்கள் நிறைந்தது. 1967-ல் தொடங்கி, லண்டன் சர்க்கார் ஊழியர்கள் சுமார் 18,000 பேரை டாக்டர்கள் பரிசோதித்தார்கள். எல்லோரும் 40 முதல் 69 வயது வரையுள்ள ஆண்கள். பிறகு யார் யார் எந்த நோயால் இறந்தார்கள் என்று பல ஆண்டுகள் கவனித்து வந்தார்கள்.

பத்து ஆண்டுக் கணக்கைப் பார்த்தபோது, உச்சியிலிருந்த அதிகாரிகளைவிட, அடித்தட்டிலிருந்த பியூன், வாயிற்காவலர் போன்றோரின் மரண விகிதம் மூன்று மடங்காக இருந்தது!

இவர்கள் சுரங்கத்தில் கரி வெட்டியவர்கள் அல்ல. பட்டினி கிடந்தவர்களும் அல்ல. மாதம் தவறாமல் சம்பளம் பெற்றவர்கள். 1948 முதல் அந்த நாட்டில் பெரியவருக்கும் சிறியவருக்கும் சர்க்கார் வைத்தியம் இலவசம். அப்படியிருந்தும் ஏன் இந்த வித்தியாசம்?

சிகரெட்டுதான் காரணம் என்று சொல்லலாம். கீழ்த்தட்டில் புகைப்பவர்கள் அதிகம் என்பது உண்மையே. ஆனால் புகையையும் இரத்த அழுத்தத்தையும் கழித்துப் பார்த்த பிறகும், இருதய நோய்ச் சாவில் கண்ட வித்தியாசத்தில் பெரும்பகுதி அப்படியே நின்றது. அதுமட்டுமல்ல, நடுத்தர உத்தியோகத்தில் இருந்தவர்களும் தங்களுக்கு மேலே இருந்தவர்களைவிட அதிகமாகவே இறந்தார்கள். படிக்குப் படி ஆயுள் இறங்கியது.

1985-ல் ஆண், பெண் இருபாலரிலும் சுமார் 10,000 ஊழியர்களிடம் இரண்டாவது ஆராய்ச்சி தொடங்கியது. அதில் ஒரு விடை துலங்கிற்று. தம் வேலையைத் தாமே தீர்மானிக்க வழியில்லாதவர்களை இருதய நோய் அதிகமாகப் பிடித்தது. சொன்னதைச் செய், கேள்வி கேட்காதே என்று ஆண்டுக்கணக்கில் வாழ்வதும் உடலை அரிக்கிறது.

பெரிய காரியாலயமோ ஆலையோ மேல், கீழ் இல்லாமல் நடக்குமா என்று கேட்கலாம். நடக்காதுதான். ஆனால் கீழே இருப்பவர் வாய் திறக்கக் கூடாது என்று எந்த இயந்திரமும் விதிக்கவில்லை. எந்த வேலையை முதலில் முடிப்பது, எப்போது சற்று ஓய்வெடுப்பது, எதை எப்படித் திருத்துவது என்பதில் அவருக்கும் ஒரு வார்த்தை இருந்தால் ஆலை நின்றுவிடாது.

கூலியை உயர்த்துவது அவசியம். ஆஸ்பத்திரி கட்டுவதும் அவசியம். அவை மட்டும் போதா என்பதே ஒயிட்ஹால் கற்பிக்கும் பாடம். வயிற்றுக்குச் சோறு போட்டதோடு கடமை தீர்ந்தது என்று எந்தத் தொழில் நாடும் இருந்துவிட முடியாது. நாட்டின் செழிப்பை அளக்கிறவர்கள் ஆலைகளை எண்ணட்டும், உற்பத்தியை நிறுக்கட்டும். அவற்றோடு, வாயிற்காவலர் எத்தனை வயது வரை வாழ்கிறார் என்பதையும் எழுதிக்கொள்ளட்டும்.