ஆமையைப் பார்ப்பதும் ஒரு தரிசனம்தான்



பள்ளி விடுமுறை வந்தால் நம்மவர்கள் பலர் குடும்பத்தோடு திரெங்கானு பக்கம் போகிறோம். கோல பெசுட்டில் படகு ஏறினால் பெர்ஹெந்தியான் தீவு, அங்கே ஸ்நோர்கலிங். திரும்பி வந்ததும் ஆலய வாட்ஸ்அப் குரூப்பில் கடலாமைப் படங்கள் வரிசையாக வரும். அண்மையில் யாரோ அனுப்பிய ஒரு வீடியோவும் சுற்றியது. ஏழெட்டுப் பேர் ஒரு ஆமையைச் சுற்றி வளைத்து நீந்துகிறார்கள். ஒருவர் அதன் ஓட்டைத் தொட்டுக் கும்பிடுகிறார். கீழே, "கூர்ம அவதாரம், நேரடி தரிசனம்" என்று ஒரு வரி.

பக்தியைக் குறை சொல்லவில்லை. ஆனால் இதற்குப் பேர் தரிசனம் இல்லை என்பது எங்கள் கருத்து.

கோயிலில் நாம் கருவறைக்குள் நுழைகிறோமா? திரை விலகும்வரை வெளியே காத்திருந்து, நின்ற இடத்திலிருந்தே கும்பிடுகிறோம். "நான் ஒருத்தன் தொட்டா என்ன ஆயிடும்?" என்று யாரும் கேட்பதில்லை. கடலில் மட்டும் ஏன் கேட்கிறோம்?

ஆமைக்கு மீனைப்போல் செவுள் கிடையாது. நம்மைப்போல் நுரையீரல்தான். அமைதியாக ஓய்வெடுத்தால் நெடுநேரம் நீருக்கடியில் தாங்கும். துரத்தினால் மூச்சு சீக்கிரம் தீர்ந்துவிடும். மேலே வந்தே ஆக வேண்டும். அந்த நேரம் பார்த்து நாம் கேமராவோடு வழியை மறித்தால் அது எங்கே போகும்? கடற்புல் மேய வந்த ஜீவன் மேயவும் முடியாது. ஒரு படகு போனால் அடுத்த படகு வந்து நிற்கும்.

"மலையையே தாங்கினவருக்கு நம்ம கை பாரமா?" என்று குரூப்பில் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. மந்தர மலையைத் தாங்கியது உலக நன்மைக்கு. நம்ம கையைத் தாங்குவது நம்ம போட்டோவுக்கு.

அதே திரெங்கானுவின் ரந்தாவ் அபாங் கடற்கரையை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1950களில் தோல்முதுகு ஆமைகள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் கூடு வைத்த இடம். முட்டைகளை எடுத்தோம், வலைகளில் சிக்கிச் செத்தன. இன்று அங்கே அவற்றைக் காண்பதே அரிது. 2022 ஜூன் முதல் திரெங்கானுவில் எல்லா வகை கடலாமை முட்டை விற்பனைக்கும் தடை. தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்டு வந்த ஊர் மக்களே அதை விட வேண்டியிருக்கிறது. நாம் ஒரு செல்ஃபியை விட முடியாதா?

கேமராவே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆமையின் கன்னத்துச் செதில் அமைப்பு, நம் கைரேகைபோல ஒன்றுக்கொன்று வேறு. பெர்ஹெந்தியானில் ஆய்வாளர்கள் அதை வைத்துத்தான் ஒவ்வோர் ஆமையையும் அடையாளம் காண்கிறார்கள். தள்ளி நின்று, பக்கவாட்டில், ஃபிளாஷ் இல்லாமல் எடுத்த படம் அவர்களுக்கும் உதவும்.

ஆகவே அன்பர்களே, சில மீட்டர் தள்ளியே இருங்கள். தொடாதீர்கள், தீனி போடாதீர்கள், பவளப்பாறை மேல் நிற்காதீர்கள். ஆமை விலகினால் விட்டுவிடுங்கள். படகுக்காரரிடம் ஏறும்போதே "ஜாங்கான் கெஜார்" என்று சொல்லிவிடுங்கள். நாம் ஆசைப்படுவதால்தான் அவரும் துரத்துகிறார்.

வரும் விடுமுறையில் நம் ஆலய இளைஞர் பகுதி அங்கே போகிறது. இதற்கு ஒப்புக்கொள்பவர்களுக்கு மட்டுமே படகில் இடம். கூட வரும் பெற்றோர்களுக்கும் இதே விதிதான். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

நம் பேரப்பிள்ளைகளும் அந்தத் தரிசனத்தைப் பார்க்கட்டும்.

என்றும் இறைபணியில்,
ஆலயத் தொண்டூழியர் குழு