வீட்டு வாசலில் கார் நிறுத்தவும் கட்டணமா? பெங்களூரு எதிர்ப்பின் பின்னணி

பெங்களூரு: குடியிருப்புத் தெருக்களில் கார் நிறுத்த ஆண்டு அனுமதிக் கட்டணம் பெறும் வாகன நிறுத்தக் கொள்கைக்கு கர்நாடக அரசு 2021-ஆம் ஆண்டு ஒப்புதல் அளித்ததும், குடியிருப்புவாசிகளிடையே எதிர்ப்பு எழுந்தது. சிறிய கார்களுக்கு 1,000 ரூபாயும் பெரிய கார்களுக்கு 5,000 ரூபாயும் அதில் பரிந்துரைக்கப்பட்டன.

சாலை வரி செலுத்திய பின்னரும் வீட்டு வாசலுக்குக் கட்டணமா என்பதே எதிர்ப்பாளர்களின் கேள்வி. வாகனம் நிறுத்த இடமில்லாத பழைய வீடுகளிலும் வாடகை வீடுகளிலும் வசிப்போரின் கவலை நியாயமானதே.

எனினும், பொது இடத்தை நாள் முழுவதும் அடைத்துக்கொள்ளும் உரிமையைச் சாலை வரி அளிப்பதில்லை. கார் இல்லாதவரும் அத்தெருவில்தான் நடக்கிறார். ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் அவ்வழியேதான் வர வேண்டும். அதேவேளையில், பேருந்து வசதியையும் பொது நிறுத்துமிடங்களையும் பெருக்காமல் கட்டணம் மட்டும் விதித்தால் எதிர்ப்பு தணியாது.