வண்டியில் ஏறியவரெல்லாம் குற்றவாளியா?

வத்திராயிருப்பிற்கு மேற்கே எழுந்து நிற்கும் மலை, 1988இல் சாம்பல் நிற அணில் சரணாலயமாயிற்று. 2021இல் திருவில்லிபுத்தூர்-மேகமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதியாயிற்று. அதன் அடிவாரத்தில் பிளவக்கல் அணையும் தென்னந்தோப்புகளும் வயல்களும் உள்ளன. இத்தகைய ஊரில் துப்பாக்கிச் சட்டம் பட்டணத்துச் செய்தியன்று. தேங்காய் ஏற்றிச் செல்லும் வேனின் ஓட்டுநரையும், இடங்கேட்டு அவர் பக்கத்தில் அமர்ந்த கூலியாளையும் தொடும் செய்தி அது.

சட்டம் சொல்வதை முதலில் பார்ப்போம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 3ஆம் பிரிவின்படி உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருத்தலும் ஏந்திச் செல்லுதலும் குற்றம். 23ஆம் பிரிவு, எந்த வாகனத்தையும் நிறுத்திச் சோதித்து, ஆயுதத்தோடு வாகனத்தையும் கைப்பற்றக் காவலருக்கு அதிகாரமளிக்கிறது. தலைமை வனவிலங்குக் காப்பாளரின் எழுத்து மூலமான அனுமதியின்றி ஆயுதத்துடன் சரணாலயத்துள் நுழைவதை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. சரணாலயத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் அவர் இசைவின்றிப் புதிய துப்பாக்கி உரிமமும் கிடையாது.

இவற்றோடு நமக்குப் பிணக்கில்லை. நாட்டுத் துப்பாக்கி காட்டுக்கும் கேடு. அதை ஒளித்து வைக்கும் வீட்டுக்கும் கேடு. காட்டுப்பன்றியைக் காரணங்காட்டி அதை வாங்குவோருக்காக வாதாட நாம் முன்வரவில்லை.

நமது வழக்கு 35ஆம் பிரிவைப் பற்றியது. பலர் கூட்டாக அனுபவிக்கும், அல்லது கூட்டாகக் கட்டுப்படுத்தும் வீட்டிலோ வாகனத்திலோ சட்டவிரோத ஆயுதம் அகப்பட்டால், அது அங்கிருப்பதை அறிந்திருந்தார் என்று நம்பக் காரணமுள்ள ஒவ்வொருவரும், மாறாக மெய்ப்பிக்கப்படாத வரை, தனித்துக் குற்றஞ்செய்தவரைப் போலவே பொறுப்பாவார் என்கிறது அப்பிரிவு. ‘அறிந்திருந்தார் என்று நம்பக் காரணமுள்ள’ என்னும் சொற்களே இதன் உயிர். அவற்றை நீக்கிவிட்டால் எஞ்சுவது சட்டமன்று, வலை.

“வண்டியிலிருந்த அத்தனை பேரையும் உள்ளே தள்ளினால்தான் உண்மை வெளிவரும்” என்று வாதிப்போர் உளர். உண்மையைத் தேடுவது புலனாய்வு. அகப்பட்டோரை அடைத்துவிட்டுக் காத்திருப்பது புலனாய்வாகுமா? குன்வந்த்லால் வழக்கில் 1972இலேயே உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது: ஆயுதம் தம்மிடம் உள்ளது என்னும் உணர்வு வேண்டும், கையில் இல்லாவிடில் அதன்மீது கட்டுப்பாடேனும் வேண்டும். 1994இல் சஞ்சய் தத் வழக்கில் அரசியல் சாசன அமர்வும், ‘வைத்திருத்தல்’ என்பது அறிந்து வைத்திருத்தலே என்றது. இடங்கேட்டு ஏறிய கூலியாளுக்குப் பின்னால் கிடக்கும் சாக்குமூட்டையின்மீது என்ன கட்டுப்பாடு உண்டு?

அமெரிக்காவைப் பாருங்கள். நியூயார்க் மாநிலச் சட்டம், காரில் துப்பாக்கி இருந்தால் காரிலிருந்த அனைவரும் அதை வைத்திருந்ததாக அனுமானிக்க இடமளிக்கிறது. ஒரு பெண்ணின் கைப்பையில் இரு துப்பாக்கிகள் காணப்பட்டதற்கு நால்வரும் தண்டனை பெற்ற வழக்கில், 1979இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவ்வனுமானத்தை ஏற்றது; எனினும் ஒன்பது நீதிபதிகளில் நால்வர் மறுத்தனர். நம் சட்டமோ அவ்வளவு தூரம் போகவில்லை. சட்டமே போகாத தூரம் சாலைச் சோதனை போகலாமா?

இது சிறு காரியமன்று. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருத்தலுக்குக் குறைந்த தண்டனையே 2 ஆண்டுச் சிறை. மிகுதி 5 ஆண்டு. வழக்கு முடியுமுன்னரே கூலி போகும், வண்டி போகும், மகளுக்குப் பேசிய சம்பந்தமும் போகும். பின்னர் வரும் விடுதலை இவற்றைத் திருப்பித் தருமா?

கதவு ஒன்று உண்டு. மாவட்ட நிர்வாக நடுவரான ஆட்சியரின் முன் இசைவின்றி 3ஆம் பிரிவின்கீழ் வழக்குத் தொடரலாகாது என 39ஆம் பிரிவு கூறுகிறது. அவ்விசைவு வெறும் முத்திரையாகிவிடக் கூடாது. இவர் அறிந்திருந்தார் என்பதற்குக் காரணம் என்னவென்று ஒவ்வொரு பெயருக்கும் தனித்தனியே ஆட்சியர் கேட்க வேண்டும். வாகனத்துக்கும் நியாயம் வேண்டும். வனவிலங்குச் சட்டத்தின்கீழ் கைப்பற்றிய மாத்திரத்தில் வாகனம் அரசுடைமையாகாது. குற்றத்துக்குப் பயன்பட்டதென நீதிமன்றம் முடிவுசெய்ய வேண்டும் என்று 2011இல் ஜே. கே. ஜான்சன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நம் குடும்பத்தாருக்கும் ஒரு சொல். வண்டியை வாடகைக்கு விடுவோர், ஏற்றும் மூட்டையில் இருப்பதென்ன என்று தயங்காமல் கேளுங்கள். துப்பாக்கியோடு வேட்டைக்குக் கிளம்பும் நண்பனின் வண்டியில் ஏறாதிருக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அறிந்து ஏறியவனுக்காக நாம் பரிந்துபேச மாட்டோம். அறியாது ஏறியவனை அவனோடு சேர்த்துக் கட்டுவதையும் பொறுக்க மாட்டோம்.