வகுப்பில் சோர்ந்திருக்கும் குழந்தையின் ரத்தத்தைப் பாருங்கள்

ஆனைகட்டியைத் தாண்டினால் பாலக்காடு மாவட்டத்தின் அட்டப்பாடி. 2013-ல் அங்கே பச்சிளங்குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தபோது நாடே திரும்பிப் பார்த்தது. ஊட்டச்சத்தைப் பற்றி நிறையப் பேசினோம். பிழைத்து, வளர்ந்து, பள்ளிக்கு வந்த குழந்தைகளின் மூளையைப் பற்றி அநேகமாகப் பேசவேயில்லை.

இருளர் உள்ளிட்ட அங்குள்ள பழங்குடிகளிடம் அரிவாள் செல் நோய் உண்டு. இந்தியாவில் இந்த நோய்க்கூறு முதலில் பதிவானதே 1952-ல், பக்கத்து நீலகிரியில்தான். வளைந்து விறைத்த சிவப்பணுக்கள் ரத்தக்குழாயின் உட்சுவரில் ஒட்டிக்கொள்கின்றன, உடைகின்றன. சுவர் புண்படுகிறது. வலி இல்லாத நாளிலும் அழற்சி அடங்குவதில்லை. மூளையின் நுண்குழாய்கள் அடைபடும்போது வாய் கோணுவதில்லை, கைகால் விழுவதில்லை. ஸ்கேனில் மட்டும் தெரியும் சிறு வடுக்கள் விழுகின்றன. கவனமும் திட்டமிடும் திறனும் குறைகின்றன. இந்நோயின் கடுமையான வகை கொண்ட குழந்தைகளில் மூன்றில் ஒருவருக்கு மேல் 14 வயதுக்குள் இந்த வடு இருந்தது. நம் நாட்டு வகை சற்று மிதமானது என்பார்கள். அதை நம்பிச் சும்மா இருக்க முடியாது.

ஏனென்றால், அழற்சி மட்டுமே கவனத்தைக் கெடுக்கப் போதும். 2019-ல் வெளியான பர்மிங்ஹாம் பல்கலைக்கழக ஆய்வில், ஆரோக்கியமான 20 இளைஞர்களுக்கு டைபாய்டு தடுப்பூசி போட்டுச் சில மணி நேரம் கழித்துச் சோதித்தார்கள். அந்தச் சிறு அழற்சியிலேயே, விழிப்போடு இருக்க உதவும் மூளைச் செயல்பாடு குலைந்திருந்தது. பிஞ்சு வயது முதல் அழற்சியோடு வாழும் குழந்தையை ‘மந்தம்’ என்று கடைசி பெஞ்சுக்கு அனுப்புவது அநியாயம்.

சோகைக்குத் தரும் இரும்புச்சத்து மாத்திரையும் எல்லாவற்றையும் சரிசெய்துவிடாது. அழற்சி கூடினால் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. குடலிலிருந்து இரும்பு ரத்தத்துக்குள் போகும் வழியை அது அடைக்கிறது. அடிக்கடி தொற்று வரும் குழந்தைக்குச் சோகை தீராததற்கு இதுவும் ஒரு காரணம். இடுக்கியில், தேவிகுளம், பீருமேடு தோட்டத் தொழிலாளர் லயங்களிலிருந்து விறகுப் புகையில் இருமியபடி தமிழ்வழிப் பள்ளிக்கு வரும் பிள்ளைகளையும் இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும்.

2023 ஜூலையில் தொடங்கிய தேசிய அரிவாள் செல் ஒழிப்பு இயக்கம் ரத்தத்தைப் பரிசோதித்து அட்டை தருகிறது. பெற்றோர் சம்மதித்தால் அந்த முடிவு வகுப்பாசிரியர் வரை வர வேண்டும். நோயைக் கட்டுப்படுத்தும் ஹைட்ராக்சியூரியா மாத்திரை தடையின்றிக் கிடைக்க வேண்டும். பாடத்தின் நடுவே தண்ணீர் குடிக்கவும் கழிப்பறை போகவும் நோயுள்ள குழந்தை அனுமதி கேட்டு நிற்கக் கூடாது. இந்நோயில் சிறுநீரகத்தால் நீரைச் சேமிக்க முடிவதில்லை; உடலில் நீர் வற்றினால் அணுக்கள் இன்னும் வளையும்.