எல்லாம் பிரியும் என்கிற பொய்

இலக்கியம் பேசும் நண்பர்களிடம் கணக்குப் பேச்சை எடுத்தால் தவறாமல் வரும் வசனம் ஒன்று உண்டு: "ஒன்பதாவதுல காரணிப்படுத்துக, காரணிப்படுத்துகன்னு உயிரை வாங்குனாங்களே, இன்னிக்கு வரைக்கும் ஒரு தடவையாவது அது எதுக்காவது உதவியிருக்கா?" எல்லோரும் சிரிப்பார்கள். "எனக்கும் கணக்குக்கும் ஆகவே ஆகாது" என்று இன்னொருவர் சேர்ந்துகொள்வார். கவிதை எழுத அது ஒரு கூடுதல் தகுதி என்பதுபோல ஒரு தொனி இருக்கும். பக்கத்தில் என்னைப் போன்ற ஐ.டி. ஆசாமி யாராவது இருந்தால் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிப்பார்: "அப்படிச் சொல்லாதீங்க. ஆன்லைன்ல உங்க பணத்தைக் காப்பாத்துறதே அந்தக் கணக்குதான். ஆர்.எஸ்.ஏ.ன்னு ஒண்ணு இருக்கு..."

இந்த இரண்டு பேரோடும் எனக்குச் சண்டை இருக்கிறது. முதலாமவர், நாவலால் என்ன பயன் என்று யாராவது கேட்டால் கொதித்துப்போவார். கணக்கிடம் மட்டும் ரசீது கேட்பார். இரண்டாமவருக்கு அந்த ரசீதை எடுத்து நீட்டியதுமே திருப்தி வந்துவிடும். வகுப்பறையில் என்னதான் சொல்லிக்கொடுத்தார்கள் என்று இருவருமே கேட்பதில்லை. நான் சொல்கிறேன்: ஒரு பொய்யைச் சொல்லிக்கொடுத்தார்கள். எல்லாம் பிரியும் என்கிற பொய்.

கொஞ்சம் கணக்கு போடலாம், பயப்படாதீர்கள். எக்ஸுக்குப் பதிலாக 'ம' என்று எழுதுகிறேன். மாறியின் ம.

ம² + 7ம + 12. பெருக்கினால் 12, கூட்டினால் 7 வரும் இரண்டு எண்கள் எவை? 3, 4. ஆகவே (ம + 3)(ம + 4). முடிந்தது, மதிப்பெண்ணைப் போட்டுக்கொள்ளலாம். அடுத்த கணக்கும் பிரியும். அதற்கடுத்ததும் பிரியும். 'காரணிப்படுத்துக' என்ற தலைப்பின் கீழ் வரும் பயிற்சி எதை வேண்டுமானாலும் திறந்து பாருங்கள். அநேகமாக எல்லாமே பிரியட்டும் என்று பார்த்துப் பார்த்துப் பொறுக்கி வைத்தவை.

நிஜத்தில் எத்தனை பிரியும்? ம²-ஐ அப்படியே வைத்துக்கொண்டு, ம-வின் கெழுவாக 1 முதல் 10 வரை ஓர் எண், கடைசியில் வரும் மாறிலியாக 1 முதல் 10 வரை ஓர் எண் என்று எடுத்துக்கொள்வோம். மொத்தம் 100 கோவைகள். அவற்றில் முழு எண்களை வைத்துப் பிரிபவை 14. எல்லையை 100 வரை நீட்டினால் மொத்தம் 10,000 கோவைகள், பிரிபவை 245. நூற்றுக்கு இரண்டரைகூட இல்லை. பைதானில் நாலு வரி எழுதினால் நீங்களே சரிபார்த்துவிடலாம். பொறுமை இருந்தால் பேப்பரும் பேனாவும் போதும். பிரியாமல் இருப்பதுதான் இங்கே சகஜம், பிரிவது அபூர்வம். நம் பயிற்சிகளோ அந்த அபூர்வத்தை மட்டும் அடுக்கி வைத்து, ஊரே இப்படித்தான் இருக்கும் என்று காட்டுகின்றன.

அதனால் யாருக்கு என்ன நஷ்டம்? என் அக்கா மகள் ஒன்பதாவது படித்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டோடு வந்து நின்றாள். பக்கம் முழுக்க அடித்தல் திருத்தல். "மாமா, முக்கா மணி நேரமா பாக்குறேன், வரவே மாட்டேங்குது. இந்தச் சாப்டர் எனக்கு ஏறாது." மேலே எழுதியிருந்த கணக்கு ம² + 7ம + 11. போர்டைப் பார்த்து எழுதும்போது 12 என்பது 11 ஆகியிருக்கிறது, அவ்வளவுதான் விஷயம். பெருக்கினால் 11 வர வேண்டும் என்றால் 1, 11-ஐ விட்டால் −1, −11. கூட்டினால் 12 அல்லது −12 தான் வரும், 7 வராது. ஆகவே இது பிரியாது. பத்து வினாடி வேலை. ஆனால் 'பிரியாது' என்று ஒரு விடை இருக்க முடியும் என்பதே அவளுக்குத் தெரியாது. கேள்வியில் கோளாறு இருக்கலாம் என்று தோன்றவில்லை. தன் மண்டையில்தான் கோளாறு என்று தோன்றியிருக்கிறது.

இதுதான் நஷ்டம். எல்லாம் பிரியும் என்று நம்ப வைத்துவிட்டால், பிரியாத ஒவ்வொன்றும் பிள்ளையின் தோல்வியாகிவிடும். 'எனக்குக் கணக்கு வராது' என்ற வாக்கியம் பிறவியிலேயே கூட வருவதில்லை. இந்த மாதிரி ஞாயிற்றுக்கிழமைகளில் அதைக் கற்றுக்கொள்கிறார்கள்.

இதே பிள்ளைகள் அடுத்த பீரியடில் தமிழ் இலக்கணம் படிக்கிறார்கள். நடந்தான்: நட + த்(ந்) + த் + ஆன். பகுதி, சந்தி, விகாரம், இடைநிலை, விகுதி. பகுபத உறுப்பிலக்கணம் என்பது சொல்லைக் காரணிப்படுத்துவதுதான். ஆனால் நன்னூல் பதவியலில் பகுபதத்துக்குப் பக்கத்திலேயே பகாப்பதமும் உட்கார்ந்திருக்கிறது. நிலம், நீர், மரம் என்று எதையாவது கொடுத்துப் பிரிக்கச் சொன்னால் "ஐயா, இது பகாப்பதம்" என்று எழுந்து நின்று சொல்லலாம். அது முழுமையான விடை. சொன்ன பிள்ளையை மக்கு என்று யாரும் நினைக்கமாட்டார்கள், கெட்டிக்காரப் பிள்ளை என்றுதான் நினைப்பார்கள். எண்களிலும் இந்த நேர்மை இருக்கிறது. பகு எண்ணைச் சொல்லும்போதே பகா எண்ணையும் சொல்லிவிடுகிறோம். இயற்கணிதத்துக்கு வந்ததும் அந்தப் 'பகா' காணாமல் போய்விடுகிறது. பகாக் கோவை என்ற சொல்லைப் பள்ளியில் கேட்டதாக உங்களில் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது?

என் இரண்டாவது குற்றச்சாட்டு, நடுவில் எழுப்பியிருக்கும் சுவர் பற்றியது. சின்ன வகுப்பில் எண்களைக் காரணிப்படுத்துகிறோம், பெரிய வகுப்பில் கோவைகளை. பெயர் ஒன்று, வேலை ஒன்று. ஆனால் ஒன்றுக்கு இன்னொன்று உறவு என்று சொல்லித்தர ஆளில்லை.

91 பகா எண்ணா? நிறையப் பேர் ஆமாம் என்பார்கள். அது 100 − 9, அதாவது 10² − 3². அ² − இ² = (அ − இ)(அ + இ) என்று மனப்பாடம் செய்தோமே, அதைப் போட்டால் 7 × 13. இன்னொன்று: ம² + 4ம + 3 என்பது (ம + 1)(ம + 3). ம-வுக்கு 10 கொடுத்தால் இந்தப் பக்கம் 143, அந்தப் பக்கம் 11 × 13. நாம் தினமும் எழுதும் எண்கள் எல்லாமே ம-வுக்குப் பத்து கொடுத்த கோவைகள்தான்.

இந்தக் கதவு திறந்துவிட்டால் விடையைச் சரிபார்க்கக் கைடின் கடைசிப் பக்கம் தேவையில்லை. (ம + 3)(ம + 4) சரியா? பத்தைப் போடு: 13 × 14 = 182. அந்தப் பக்கம் 100 + 70 + 12 = 182. ஒத்துப்போகவில்லை என்றால் நிச்சயம் தப்பு. ஒரே ஓர் எண்ணுக்கு ஒத்துப்போனதால் சரி என்று சொல்லிவிட முடியாது. ஆனால் இருபடிக் கோவை என்றால் மூன்று வெவ்வேறு எண்களுக்கு ஒத்துப்போனாலே போதும், சந்தேகம் தீர்ந்தது. மிஸ் வந்து டிக் போடும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. தான் சொன்னது சரி என்று தானே தெரிந்துகொள்வதைவிட ஒரு பதினாலு வயதுக்கு வேறென்ன தைரியம் வேண்டும்?

கோவையைப் பிரித்தால், முடிவே இல்லாத எண் வரிசையைப் பற்றி ஒரே வரியில் பேசிவிடலாம். ம² − 1 = (ம − 1)(ம + 1). ஆகவே வர்க்க எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்துக் கிடைக்கும் 3, 8, 15, 24, 35 என்ற வரிசையில், முதலில் வரும் 3-ஐத் தவிர பகா எண்ணே கிடையாது. எவ்வளவு தூரம் போனாலும் கிடையாது. ஒவ்வொன்றாகப் போய்ப் பார்க்க வேண்டிய வேலையே இல்லை. ம⁴ + 4-ஐப் பாருங்கள். பிரியாத மாதிரிதான் தெரிகிறது. 4ம²-ஐக் கூட்டிக் கழித்தால் அதுவும் அ² − இ² ஆகிவிடும்: (ம² + 2ம + 2)(ம² − 2ம + 2). ம-வுக்கு 5 கொடுத்தால் 629 = 37 × 17. சோஃபி ஜெர்மைன் (1776–1831) பெயரால் வழங்கும் முற்றொருமை இது. பெண் என்பதால் பாரிஸ் கல்லூரியில் சேர முடியாமல், ஓர் ஆணின் பெயரில் எழுதி அனுப்பிக் கணிதம் படித்தவர் அவர்.

இப்போது ஐ.டி. நண்பரிடம் வருகிறேன். ரிவெஸ்ட், ஷமிர், ஆடல்மன் மூவரும் 1977இல் உருவாக்கிய ஆர்.எஸ்.ஏ. முறை, இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது எளிது, பெருக்குத்தொகையிலிருந்து அவற்றைத் திரும்ப எடுப்பது கடினம் என்பதை நம்பி நிற்கிறது. உண்மை. ஆனால் ஒன்பதாவது பிள்ளையிடம் இதைப் 'பயன்' என்று சொல்வது வெறும் விளம்பரம். நம் துறையிலேயே புதிய அமைப்புகளில் நீள்வட்ட வளைவு முறைகள் ஆர்.எஸ்.ஏ.யின் இடத்தைப் பெருமளவு பிடித்துவிட்டன. அதைவிட முக்கியம், அந்தப் பிள்ளை மல்லுக்கட்டுவது கோவையோடு. நீங்கள் பேசுவது எண்ணைப் பற்றி. நடுவில் இருக்கும் கதவை நீங்களும் திறக்கவில்லை.

திறந்திருந்தால் இதைச் சொல்லியிருப்பீர்கள். 1643 வாக்கில் ஃபெர்மா 2027651281 என்ற எண்ணைப் பிரித்துக் காட்டினார். சின்னப் பகா எண்ணிலிருந்து ஒவ்வொன்றாக வகுத்துக்கொண்டே போனால் நாலாயிரம் முறைக்கு மேல் வகுக்க வேண்டும். அவர் செய்தது வேறு: அந்த எண்ணைவிடப் பெரிய வர்க்கமாக எடு, எண்ணைக் கழி, மிச்சமும் வர்க்கமா என்று பார். 45030இல் ஆரம்பித்தால் பன்னிரண்டாவது முயற்சியில் அகப்பட்டுவிடும்: 45041² − 1020². ஆகவே 44021 × 46061. நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் அதே அ² − இ²!

1977 ஆகஸ்டில் சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழில் 129 இலக்க எண் ஒன்றை வெளியிட்டு, அதை வைத்துப் பூட்டிய செய்தியைப் படித்துக் காட்டினால் 100 டாலர் பரிசு என்றார்கள். உடைக்கப் பல கோடி ஆண்டுகள் ஆகும் என்று மதிப்பிட்டார்கள். 1994 ஏப்ரலில் சுமார் 600 தன்னார்வலர்கள் இணையம் வழியே தங்கள் கணினிகளைச் சேர்த்து உடைத்துவிட்டார்கள். 2020 பிப்ரவரியில் 250 இலக்க எண் ஒன்று உடைந்தது. ஒரே ஒரு பிராசஸர் கோரை வைத்துச் செய்திருந்தால் சுமார் 2,700 ஆண்டுகள் ஆகியிருக்கும் வேலை அது. இதற்கெல்லாம் பயன்பட்ட சல்லடை முறைகளின் கடைசிப் படி என்ன தெரியுமா? வித்தியாசம் அந்த எண்ணின் மடங்காக வருகிற இரண்டு வர்க்கங்களைக் கண்டுபிடிப்பது, பிறகு மீ.பொ.வ. காண்பது. இரண்டு கருவிகளுமே பத்தாவதுக்குள் சொல்லிக்கொடுத்தவை.

இன்னும் ஒன்றைச் சொல்லலாம். விகிதமுறு எண்களைக் கெழுக்களாகக் கொண்ட கோவைகளைக் கணினியில் வேகமாகப் பிரிக்க 1982இல் லென்ஸ்ட்ரா, லென்ஸ்ட்ரா, லோவாஸ் மூவரும் வழி காட்டிவிட்டார்கள். எண்களுக்கு அப்படி ஒரு வழி, இன்றைய சாதாரணக் கணினிகளில் ஓடக்கூடியதாக, யாருக்கும் தெரியாது. அப்படி ஒன்று இருக்கவே முடியாது என்றும் யாரும் நிரூபிக்கவில்லை. 'இது உனக்கு மட்டும் கஷ்டமில்லை, உலகத்துக்கே கஷ்டம்' என்று ஒரு பிள்ளையிடம் மனசாட்சியோடு சொல்லக்கூடிய இடம் பள்ளிக் கணக்கில் எத்தனை இருக்கிறது? இருக்கிற ஒன்றையும் ரசீதாக மாற்றி நீட்டுவது நியாயமா?

ஆசிரியர் நண்பர்கள் என்ன சொல்வார்கள் என்று தெரியும். "வகுப்புல நாப்பது பேர், போர்ஷன் முடிக்கணும், இதுல பிரியாததை வேற கொடுத்தா சுமாரா படிக்கிற பசங்க குழம்பிடுவாங்க சார்." அவர்கள் நிலைமை எனக்குப் புரிகிறது. ஆனால் குழப்பம் ஏற்கெனவே இருக்கிறது. அதை வெளியே சொல்லும் உரிமையைத்தான் அந்தப் பசங்களுக்கு நாம் கொடுக்கவில்லை. சுமாராகப் படிக்கிறவர்களுக்குத்தான் 'பிரியாது' என்ற விடை முதலில் தேவை. நன்றாகப் படிக்கிறவன் எப்படியும் தப்பித்துக்கொள்வான்.

நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் எதுவும் இல்லை. பயிற்சியில் பத்துக் கணக்கு இருந்தால் நாலு பிரியாததாக இருக்கட்டும். தன்மைகாட்டியை 'மூலங்களின் தன்மை' என்று தனியாக ஒரு மூலையில் வைக்காமல் இங்கேயே கொண்டுவாருங்கள். 7² − 4 × 12 = 1, முழு வர்க்கம், பிரியும். 7² − 4 × 11 = 5, முழு வர்க்கமில்லை, பிரியாது. ஒரு வரிக் கணக்கு, முக்கால் மணி நேர அழுகை மிச்சம். ம-வுக்கு எண் கொடுத்துச் சரிபார்ப்பதைப் பழக்கமாக்குங்கள். புத்தகத்தின் பக்க எண்ணிக்கை கூடாது, போர்ஷன் நீளாது.

பரீட்சையில் வராததை யாரும் படிக்கமாட்டார்கள் என்பதும் தெரியும். ஆகவே வினாத்தாளிலிருந்தே ஆரம்பிக்கலாம். இரண்டு மதிப்பெண் கேள்வி ஒன்று போதும்: ம⁴ + 4, ம⁴ + 1 ஆகிய இரண்டில் முழு எண் கெழுக்களோடு பிரியாதது எது? ஏன் பிரியாது?