துருவுக்கு மேல பட்டியா?

மக்களே, உடன்குடி மாதிரி உப்புக்காத்து ஊர்ல பழைய அம்பாசிடர் வச்சிருக்கீங்களா? கூரையில துரு பிடிச்சா, அதுக்கு மேலயே பட்டி பார்த்து பெயிண்ட் அடிக்கிறது சுத்த வேஸ்ட்!

துரு இரும்பைவிட அதிக இடம் எடுத்துக்கும்; உள்ளேருந்தே பெயிண்டைத் தூக்கிரும். உப்பு இருந்தா ஈரமும் சேர்ந்து, இன்னும் வேகமா அரிக்கும். அதனால நல்ல தண்ணியில உப்பு போகக் கழுவி, காயவச்சு, வெள்ளை இரும்பு தெரியுற வரை சுரண்டணும். ஓட்டை விழுந்த இடத்தை வெட்டிட்டு, புதுத் தகரம் வெல்டு வைக்கணும். உடனே பிரைமர், அப்புறம்தான் பட்டி. கூரைக்கு உள்பக்கமும் மறக்கக் கூடாது.

கூலி கூடும்தான். ஆனா உத்தர்பாரா ஆலையில 2014-லயே அம்பாசிடர் தயாரிப்பு நின்னாச்சு. தாத்தா வண்டி பேரனுக்கு வேணுமா, அடுத்த மழை வரைக்கும் போதுமா? நீங்களே முடிவு பண்ணுங்க :-)