பொம்மைப் புத்தகமும் பெரிய மனிதர்களும்

மாலையில் உலகளந்த பெருமாள் கோயில் பக்கம் கூடும் எங்கள் ஓய்வூதியர் கூட்டத்தில் போன வாரம் எனக்கு நல்ல மண்டகப்படி. "உம்ம பேரன் ராத்திரி பகலாய் ஜப்பான்காரன் பொம்மைக் கதை படிக்கிறானாமே, அதுவும் கொலைக்கதை! பிள்ளை கெட்டுப் போகமாட்டானா? நீர் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறீரே" என்றார் ஒரு நண்பர். அங்கே வாயடைத்து வந்துவிட்டேன். இங்கே பதில் சொல்கிறேன்.

பேரன் படிப்பது 'டிடெக்டிவ் ஸ்கூல் க்யூ'. கதை செய்மாரு அமாகி, படம் ஃபுமியா சாட்டோ. 2001 முதல் 2005 வரை ஜப்பானில் ஒரு வார இதழில் வந்த தொடர். துப்பறியக் கற்றுத்தரும் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த சில பிள்ளைகளின் கதை. ஒருத்தி ஒருமுறை கண்ணால் கண்டதை மறக்கமாட்டாள்; ஒருவன் கம்ப்யூட்டரில் புலி. கொலை வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் தடயத்தைப் பார்த்து, கணக்குப் போட்டு, அதன் பிறகுதான் 'இவன்தான்' என்று கை நீட்ட வேண்டும் என்பது அங்கே பாடம்.

நானும் இந்த வியாதிக்காரன்தான். புதுச்சேரியில் பிரெஞ்சில் படித்த காலத்தில் பூகோளப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படித்தது, ரிக் ஓஷே என்ற இளம் நிருபர் துப்பறியும் படக்கதை. காதைத் திருகினார்கள். பல வருஷம் கழித்து அதே ஆள் ரிப்போர்ட்டர் ஜானி என்ற பெயரில் சிவகாசிக் காமிக்ஸில் தமிழ் பேசினான்! பழைய பள்ளித் தோழனை பஸ் ஸ்டாண்டில் கண்டது போல இருந்தது.

கெட்டா போனேன்? ஆபீசில் ஒருமுறை என் மேசைக்கு 1978இல் எழுதியதாக ஒரு பத்திரம் வந்தது. எனக்கு முன்னால் பார்த்தவர்கள் எல்லாம் முன்பக்கத்தைப் படித்துக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். நான் திருப்பிப் பார்த்தேன். முத்திரைத்தாள் விற்றவர் பின்னால் போட்டிருந்த தேதி 1983. திருப்பிப் பார்க்கும் அந்தப் புத்தி சர்வீஸ் ரூல் படித்து வந்ததல்ல.

கெட்டுப் போவதைப் பற்றித்தானே பேச்சு? 2018 மே மாதத்தை நினைத்துப் பாருங்கள். சென்னையிலிருந்து குலதெய்வம் கோயிலுக்குக் காரில் போன ஒரு குடும்பம். திருவண்ணாமலை மாவட்டம், போளூர் பக்கம் ஒரு கிராமம். அறுபது வயது தாண்டிய அம்மா அங்கிருந்த குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்க வந்தவர் என்று கூட்டம் அடித்தது. இறந்தே போனார். எந்த ஊர், எந்தக் கோயில் என்று விசாரித்துச் சரிபார்க்க ஒரு நாழிகை ஆகுமா? அடித்தவர்கள் பொம்மைப் புத்தகம் படித்துக் கெட்டவர்களா? இல்லை ஐயா, வாட்ஸ்அப்பில் வந்ததை நம்பியவர்கள்.

அந்த நாட்களில் நாடெங்கும் சுற்றிய பிள்ளை பிடிக்கும் வீடியோ ஒன்று உண்மையில் கராச்சியில் குழந்தைப் பாதுகாப்புக்காக எடுத்த விளம்பரம். குழந்தையைத் திருப்பி விட்டுவிட்டு விளக்கம் சொல்லும் கடைசிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டார்கள். அது எனக்கும் வந்தது. அனுப்பியவர், இன்று என் பேரனுக்காகக் கவலைப்படும் இதே நண்பர்.

பத்திரத்தைத் திருப்பிப் பார்த்த நான் அதைத் திருப்பிப் பார்க்கவில்லை. மகள் வீட்டுக்கும் தம்பி வீட்டுக்கும் அன்றைக்கே அனுப்பி வைத்தேன்.